கருவியின் கண்

ஐம்பொறிகளுள் கண்ணைத் தலையாயதாகக் கூறுவர் ஆன்றோர். அக்கண்ணைக் காக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடுகள் பல. தூசி அணுகுமுன் இமை மூடுகின்றது. தப்பி உட்புகுந்த துகளைக் கண்ணீர் கழுவி வெளியேற்றுகின்றது. நெற்றி வியர்வை கண்ணுள் வழியாதபடி புருவம் தடுக்கின்றது. மனிதன் தன் அறிவால் படைத்துக்கொண்ட கண்ணும் ஒன்று உண்டு. அது புகைப்படக் கருவியின் முகப்பில் அமைந்த வில்லை. அதனை 'லென்ஸ்' என்று யாவரும் வழங்குவர். அக்கண்ணுக்கு இமையும் இல்லை, கண்ணீரும் இல்லை. அதனைக் காக்கும் கடமை அதனைக் கையாள்பவனையே சார்ந்தது. அக்கடமையை உணராது செய்யும் சிறு பிழையும் மீளாத இழப்பாக முடிதல் கூடும்.

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து விருத்தாசலம் செல்லும் பெருவழியில் மங்கலம்பேட்டை என்னும் சிற்றூர் உள்ளது. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலால் பண்டைக் காலத்திலும், பீங்கான் தொழிலால் இக்காலத்திலும் புகழ்பெற்ற நகரம். அங்குள்ள தொழிற்கூடங்களில் பீங்கான் பொம்மைகளும், அகல் விளக்குகளும், மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் குமிழ்களும் உருவாகின்றன. சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் அங்குச் சென்று உழைத்து வருகின்றனர்.

மங்கலம்பேட்டையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தில் தந்தை திருமணங்களுக்குப் படம் எடுப்பவர். தாய் விருத்தாசலத்தில் பொம்மைகள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் பணிபுரிபவர். அவர்களுடைய மகன் பத்தாம் வகுப்பு மாணவன். பள்ளிக் கண்காட்சியில், 'எங்கள் ஊர்த் தொழில்' என்னும் தலைப்பில் படங்கள் வைக்க வேண்டும் என்று ஆசிரியர் பணித்தார். தன் தாயின் கைத்திறனையே படமாக்க மாணவன் விரும்பினான். தந்தையின் பழைய கருவியைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் தாயுடன் புறப்பட்டான்.

தொழிற்கூடம் அவனுக்குப் புதிய உலகமாகத் தோன்றியது. ஒருபால் மண்ணை அரைத்தனர்; ஒருபால் கூழாகக் கரைத்து அச்சுகளில் வார்த்தனர்; ஒருபால் காய்ந்த பொம்மைகளின் விளிம்புகளைத் தேய்த்து மழமழப்பாக்கினர். தேய்க்குந்தோறும் வெண்தூள் எழுந்து காற்றில் மிதந்தது. சிறிது நேரத்தில் கருவியின் வில்லைமீது மெல்லிய வெண்படலம் படிந்தது. மாணவன் தன் சட்டை நுனியால் அதனை அழுத்தித் துடைத்தான். மீண்டும் தூள் படிந்தது, மீண்டும் துடைத்தான். அன்று எத்தனை முறை துடைத்தான் என்பது அவனுக்கே தெரியாது. தூய்மை செய்கின்றோம் என்னும் மகிழ்ச்சியே அவனுக்கு இருந்தது.

மாலையில் தாய் வாயிற்பக்கமாக அமர்ந்து ஒரு பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பின்னே கதிரவன் ஒளி வாயில் வழியாகப் பாய்ந்தது. அக்காட்சியை மாணவன் படமெடுத்தான். கருவியின் பின்புறத் திரையில் நோக்கியபோது அவன் முகம் வாடியது. படம் முழுவதும் பாலைக் கொட்டினாற்போல வெளிறியிருந்தது. பொம்மையின் கண்ணும் தெரியவில்லை; தாயின் முகமும் தெளியவில்லை.

இரவு வீடு திரும்பிய மாணவன் நடந்ததைத் தந்தையிடம் கூறினான். தந்தை சினந்துகொள்ளவில்லை. முறைப்படி வில்லையைத் துடைத்து, அறையின் விளக்கை அணைத்து, கைவிளக்கின் ஒளியைக் கண்ணாடிமீது சாய்வாகப் பாய்ச்சினார். மெல்லிய கீறல்கள் பிறைப் பிறையாக ஒளிர்ந்தன.

"அப்பா, மெல்லிய துணியால்தானே துடைத்தேன்?" என்றான் மகன்.

"தம்பி, துணி மெல்லியதுதான், துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அகப்பட்ட மண் மெல்லியதன்று. படிந்திருந்த அழுக்கு போய்விட்டது. இனிப் படம் அவ்வளவு வெளிறாது. ஆனால் கீறல் போகாது" என்றார் தந்தை.

தந்தை கூறிய சொற்களின் உண்மையை ஆராய்தல் வேண்டும். பொருள்களின் கடினத்தன்மையை அளக்க அறிஞர் ஓர் அளவுகோல் வகுத்துள்ளனர். 1812-ஆம் ஆண்டில் பிரெடெரிக் மோஸ் என்பார் அமைத்த அவ்வளவுகோலில், மிக மென்மையான மாக்கல்லுக்கு 1 என்றும், மிக வன்மையான வைரத்திற்கு 10 என்றும் எண்கள் தரப்பட்டுள்ளன. மிகுந்த எண்ணுடைய பொருள் குறைந்த எண்ணுடையதைக் கீறும். இவ்வளவுகோலின்படி கைந்நகத்தின் எண் ஏறத்தாழ 2½. சாளரக் கண்ணாடியின் எண் ஏறத்தாழ 5½. பீங்கான் செய்யப் பயன்படும் வெண்களிமண்ணின் எண் 2 முதல் 2½ வரையே ஆகும். ஆதலால் களிமண் தனித்திருந்தால் கண்ணாடியைக் கீறாது. ஆனால் பீங்கான் கலவையில் களிமண்ணோடு படிகக்கல் பொடியும், பெல்ஸ்பார் என்னும் கல்லின் பொடியும் சேர்க்கப்படுகின்றன. பெல்ஸ்பாரின் எண் 6. படிகக்கல்லின் எண் 7. இவ்விரண்டும் கண்ணாடியினும் வன்மையானவை. அவற்றின் துகள் ஒன்று துணியில் சிக்கினாலும், துணி அரமாக மாறிவிடும்.

இத்தீங்கு தொழிற்கூடத்திற்கு மட்டும் உரியதன்று. ஆற்று மணலில் பெரும்பகுதி படிகக்கல்லே. தெருப்புழுதியிலும், வயல்வெளிக் காற்றிலும், கடற்கரையிலும் அத்துகள் கலந்துள்ளது. எனவே எந்த ஊரில் படிந்த தூசியாயினும், அதில் வன்துகள் இருக்கும் என்று எண்ணியே வில்லையைத் தொட வேண்டும்.

கண்ணாடியின்மேல் வேறொரு நுண்பொருளும் உண்டு. பூச்சில்லாத கண்ணாடி, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு வரை ஒவ்வொரு பக்கத்திலும் திருப்பியனுப்பி விடுகின்றது. மூன்று கண்ணாடிகள் தனித்தனியே அமைந்த கருவியில் ஆறு பக்கங்கள் உள்ளன. அதனால் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் இழப்பாகின்றது. இழந்த ஒளி வீணாவதோடு நில்லாது. கருவிக்குள் சிதறிப் படத்தையும் வெளிறச் செய்கின்றது. இக்குறையை நீக்க 1935-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஜேனா நகரில், ஜீஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஒலெக்சாண்டர் ஸ்மக்குலா ஒரு வழி கண்டார். காற்றகற்றிய கலத்துள் வைத்துக் கண்ணாடியின்மேல் மிக மெல்லிய பூச்சினைப் படியச் செய்வதே அவ்வழி. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறாக்கினால், அவற்றுள் ஏறத்தாழ ஒரு கூறே அப்பூச்சின் கனம். வில்லையைச் சாய்த்துப் பார்க்கும்போது நீலமாகவும் ஊதாவாகவும் பச்சையாகவும் தோன்றும் சாயல் இதனால் விளைவதே. இத்துணை மெல்லிய பூச்சை முரட்டுத் துணியால் தேய்த்தல் தகுமோ?

அவ்வாறாயின் தூசி படிந்தவுடன் துடைக்க வேண்டாவோ என்னும் ஐயம் எழலாம். வேண்டா என்பதே பெரும்பாலும் விடை. படமெடுக்கப்படும் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி, வில்லையின் முகப்பு முழுவதிலும் பரவி உட்சென்று, பின்னர் ஒரு புள்ளியில் குவிகின்றது. முகப்பில் உள்ள ஓரிரு துகள்கள் அவ்வொளியில் மிகச் சிறு பங்கையே தடுக்கின்றன. ஆதலால் அத்துகளின் உருவம் படத்தில் கரும்புள்ளியாகத் தோன்றுவதில்லை. சில துகள்களைக் கண்டு மனங்கலங்கித் துடைப்பவன், இல்லாத நோய்க்கு மருந்துண்டு புதிய நோயைத் தேடிக்கொள்பவனை ஒப்பான். ஆனால் தூசி படலமாகப் படிந்தாலும், விரல் ரேகையின் எண்ணெய் பரவினாலும், கதிரவனை எதிர்நோக்கி எடுக்கும் படம் வெளிறும். அப்போது தூய்மை செய்தல் இன்றியமையாதது. அதனையும் படிமுறையாகவே செய்தல் வேண்டும்.

முதற்படி காற்று. வில்லையின் முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ரப்பர்க் குமிழால் காற்றைப் பீய்ச்ச வேண்டும். உதிரும் துகள்கள் தரையை நோக்கி விழுந்துவிடும். வாயால் ஊதுதல் ஆகாது. ஊதும் காற்றோடு எச்சில் திவலைகளும் சென்று படியும்.

இரண்டாம் படி தூரிகை. காற்றுக்கு அசையாத துகளை மென்மயிர்த் தூரிகையால் அழுத்தாமல் வருடி அகற்ற வேண்டும். அத்தூரிகையை வேறெதற்கும் பயன்படுத்தலாகாது. அதன் மயிரை விரலால் தொடுதலும் கூடாது. தொட்டால் விரலின் எண்ணெய் மயிர்வழியே கண்ணாடியை அடையும்.

மூன்றாம் படி ஈரத் துடைப்பு. துகள்கள் யாவும் நீங்கிய பின்னரும் கறை இருப்பின், அதற்கென விற்கப்படும் மென்தாளையோ, தூய நுண்ணிழைத் துணியையோ எடுத்து, வில்லைக்குரிய நீர்மத்தில் ஓரிரு துளிகளால் நனைக்க வேண்டும். நீர்மத்தைக் கண்ணாடிமீது நேரே விடலாகாது. அது விளிம்பு வழியாக உட்கசிந்து தங்கிவிடும். நடுவில் தொடங்கி, மெல்ல வட்டமிட்டவாறு விளிம்பை நோக்கித் துடைத்து முடிக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட தாளை மறுமுறை பயன்படுத்தலாகாது. துணியாயின் அடிக்கடி துவைத்து உலர்த்தித் தூசி புகாத உறையில் வைத்தல் வேண்டும்.

இம்மூன்று படிகளையும் மாற்றிச் செய்தல் தீங்கு பயக்கும். முதற்படியிலேயே தூய்மை கிட்டினால், அடுத்த படிக்குச் செல்ல வேண்டுவதில்லை. கழற்றி மாற்றும் வில்லையாயின், அதன் பின்பக்கத்தை முன்பக்கத்தினும் பன்மடங்கு கருத்தோடு காக்க வேண்டும். அங்குள்ள கறை படத்தை மிகுதியாகக் கெடுக்கும். வில்லையை மாற்றும்போது காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கருவியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, விரைந்து மாற்றுதல் நலம். கருவியின் உள்ளே உள்ள உறுப்புகளை விரலால் தொடுதல் எவ்வாற்றானும் ஆகாது.

தூய்மை செய்தலினும் காத்தல் எளிது. படம் எடுக்காதபோது மூடியிட்டு வைப்பது முதற்காவல். முகப்பில் பொருத்தும் ஒளிமறைப்புக் குழல் இரண்டாம் காவல். அது பக்கவாட்டு வெயிலைத் தடுப்பதோடு, கைபடாமலும் இடிபடாமலும் வில்லையைக் காக்கின்றது. புழுதியும் கடல்நீர்த் திவலையும் மிகுந்த இடங்களில், நிறமற்ற காப்புக் கண்ணாடி ஒன்றை முகப்பில் பொருத்திக்கொள்ளலாம். பரங்கிப்பேட்டை, கடலூர் முதலிய கடற்கரை ஊர்களில் வீசும் காற்றில் உப்பு கலந்திருக்கும். அங்கிருந்து திரும்பியதும், பிழிந்த ஈரத்துணியால் கருவியின் உடலைத் துடைத்து உலர்த்துதல் வேண்டும். உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்துக் கருவியை அரிக்கும். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெப்பமான வெளிக்கு வந்தவுடன் வில்லைமீது பனிநீர் படியும். அதனைத் துடையாமல், வருமுன்பே கருவியைப் பையில் இட்டு மூடி, வெளிவெப்பத்தை அது மெல்ல அடையும்வரை காத்திருத்தல் அறிவுடைமை. மூடியில்லாக் கருவியைக் கதிரவனை நோக்கி வைத்துவிட்டுச் செல்லுதலும் ஆகாது. வில்லை ஒளியைக் குவித்து உள்ளுறுப்பைச் சுட்டுவிடும்.

புறப்பகையினும் உட்பகை கொடிது. வில்லைக்கு உட்பகையாவது பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழைக் காலத்தில் ஊறுகாய் மேலும் தோற்செருப்பு மேலும் பூத்து நிற்கும் அப்பூஞ்சணமே, மூடிக்கிடக்கும் கருவியினுள்ளும் வேர்விட்டாற்போலப் பரவுகின்றது. கண்ணாடியின் உட்பக்கத்தில் சிலந்தி வலைபோல அது தோன்றும். அது வெளியிடும் அமிலம் பூச்சையும் அரித்துக் கண்ணாடியையும் அரிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது நியூகினி முதலிய வெப்பமண்டலத் தீவுகளில், படையினரின் தொலைநோக்கிகளும் ஒளிக்கருவிகளும் பூஞ்சணத்தால் கெட்டுப் பயனற்றுப்போயின. ஆஸ்திரேலிய அறிஞர்கள் அதனைத் தடுக்கும் வழிகளை அக்காலத்தில் முனைந்து ஆராய்ந்தனர்.

காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60 பங்கிற்கு மேல் நெடுநாள் நீடித்தால் பூஞ்சணம் தழைக்க இடமுண்டு. 40 முதல் 50 பங்கு வரை இருத்தல் நன்று. தோலுறை அழகியதாயினும், ஈரத்தை உறிஞ்சித் தேக்கி வைப்பதால் நெடுங்காலக் காப்புக்கு ஏற்றதன்று. காற்றுப் புகாத மூடியுடைய பெட்டியில், சிலிக்கா ஜெல் என்னும் ஈரமுறிஞ்சும் மணிகளோடு கருவியை வைத்தல் சிறந்தது. நிறமூட்டிய மணிகளுள் ஒருவகை ஈரத்தை உண்டபின் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். மற்றொரு வகை செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும். அவற்றை மிதமான சூட்டில் வறட்டினால் மீண்டும் பழைய நிறம் பெற்றுப் பயன்படும். இவையெல்லாவற்றினும் எளிய காப்பு ஒன்று உண்டு. கருவியை அடிக்கடி எடுத்து ஆளுதலே அது. காற்றும் வெளிச்சமும் காணாது பேழையுள் உறங்கும் வில்லையையே பூஞ்சணம் தேடிப் பற்றுகின்றது.

ஒளிக்கருவிகளை முறையாகப் பேணுதலால் விளையும் பயனுக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1850-ஆம் ஆண்டில் சென்னை வானாய்வுக் கூடத்திற்காகத் தொலைநோக்கி ஒன்று வாங்கப்பெற்றது. 15 சென்டிமீட்டர் முகப்பளவுடைய அது, 1898-இல் கதிரவனைப் படமெடுக்கும் கருவியாகத் திருத்தியமைக்கப்பெற்றது. பின்னர்க் கோடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் நிறுவப்பெற்று, மேகமில்லாத நாள்தோறும் கதிரவனின் உருவைப் படம்பிடிக்கத் துணைநின்றது. 1904 முதல் எடுக்கப்பெற்ற கதிரவன் படங்கள் அங்குத் தொகுத்துக் காக்கப்பட்டுள்ளன. கதிரவனின் கரும்புள்ளிகள் பெருகியும் குறைந்தும் வரும் இயல்பை ஆராய்வோர்க்கு அத்தொகுதி பெருஞ்செல்வம். ஒருநாள் படம் கெட்டால், அந்நாளின் கதிரவனை மீண்டும் எவரும் படமெடுக்க இயலாது. தலைமுறை தலைமுறையாக அங்குப் பணிபுரிந்தோர் கருவியைக் கண்ணெனப் போற்றியதன் விளைவே அச்செல்வம்.

இனி, மங்கலம்பேட்டை மாணவனிடம் வருவோம். அவன் கீறிய வில்லையைத் தந்தை ஒதுக்கி எறியவில்லை. "தம்பி, இந்த வில்லை இனி உன்னுடையது. இதன் குறை இன்னதென்று அறிந்து எடுத்தால், நல்ல படம் இன்னமும் தரும். வெயிலை உன் முதுகுப்பக்கம் வைத்துக்கொள். துடைக்கும் துணியை வீட்டிலேயே வைத்துவிட்டு, ரப்பர்க் குமிழை மட்டும் எடுத்துச் செல்" என்றார்.

அடுத்த வாரம் மாணவன் மீண்டும் விருத்தாசலம் சென்றான். தூள் பறக்கும் இடத்தில் மூடியைத் திறவாது காத்திருந்தான். தாயை வாயிலை நோக்கி அமரச் செய்து, தான் வாயிற்பக்கம் நின்றான். படிந்த தூசியை ஊதினானேயன்றித் துடைத்தானல்லன். அன்று எடுத்த படத்தில் பொம்மைக்குக் கண் எழுதும் தாயின் விரல்களும், விரல்களில் ஒட்டிய வெண்மண்ணும், குனிந்த முகமும் தெளிவுறத் தோன்றின. அப்படமே பள்ளிக் கண்காட்சியில் இடம்பெற்றது.

மணலை உருக்கியே கண்ணாடி ஆக்கப்படுகின்றது. மணலின் துகளே அதனைக் கீறிக் கெடுக்கின்றது. ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணியாகி அதனைக் காப்பதும் மணலிலிருந்து பெற்ற பொருளே. ஒரே பொருள் தாயாகவும் பகையாகவும் காவலாகவும் அமைகின்றது. எது எவ்விடத்தில் எவ்வாறு செயற்படும் என்பதை அறிந்து நடத்தல் மனிதனின் கடன். அறியாத கை செய்யும் தூய்மையினும், அறிந்த கை காட்டும் பொறுமை மேலானது.

பயிற்சி

1. மாணவன் எடுத்த முதற்படம் வெளிறியமைக்குக் காரணம் யாது?
2. களிமண் கீறாத கண்ணாடியைப் பீங்கான் தூள் கீறுவது ஏன்?
3. வில்லையின்மீது உள்ள ஓரிரு துகள்கள் படத்தில் தோன்றாமை ஏன்?
4. வில்லையைத் தூய்மை செய்யும் மூன்று படிகளை முறைப்படி எழுதுக.
5. பூஞ்சணத்தினின்று வில்லையைக் காக்கும் வழிகள் யாவை?
6. 'ஒரே பொருள் தாயாகவும் பகையாகவும் காவலாகவும் அமைகின்றது' — இதனை விளக்குக.
7. உம் வீட்டில் உள்ள மூக்குக் கண்ணாடி, புகைப்படக் கருவி, கைப்பேசி ஆகியவற்றுள் ஒன்றை எவ்வாறு காப்பீர் என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.